ராக்காயி கொடுத்த கீரை

ராக்காயி பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டது 1999 ஆடி மாசத்தில். அதுவரை பதினோரு வருஷம், விடிந்தும் விடியாமலும் எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் வந்து நிற்கிற கம்பெனி வேனில் ஏறி, சிவகாசிப் பக்கம் போய்த் திரி வெட்டிவிட்டு, சாயங்காலம் அதே வேனில் வந்து இறங்கியவள். அந்த ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை, விஸ்வநத்தம் தாண்டி இருந்த அந்தக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. ராக்காயி உட்கார்ந்திருந்தது அதற்கு மூன்றாவது அறை. சத்தம் கேட்டதும் அவளுக்குக் கால் எழும்பவில்லை. பக்கத்தில் இருந்த பொன்னுத்தங்கம்தான் அவள் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துப் பின்வாசல் வழியாக இழுத்துக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் ஓடினாள். முள் கிழித்ததுகூட இருவருக்கும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர்கள் இருந்த அறைக்குக் கூரை இல்லை. செத்தவர்கள் நாலு பேர். நாலு பேரும் காலையில் இவர்களோடு ஒரே வேனில் வந்தவர்கள்.

பொன்னுத்தங்கம் இருபது நாளில் மறுபடி வேன் ஏறிவிட்டாள். புருஷனை இழந்தவள். பள்ளிக்கூடம் போகிற வயதில் வேல்விழி என்று ஒரே மகள். ஏறாமல் முடியாது. ராக்காயி மட்டும் ஏறவில்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை. திருப்பூருக்குப் பிழைக்கப் போன புருஷன் அங்கேயே வேறொரு குடும்பமாகிவிட்டான். “ஒத்த வயிறுதானே, காடு கெடக்கு” என்று சொல்லிவிட்டுக் கீரை பறிக்கக் கிளம்பினாள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது.

எங்கள் ஊர் நல்லான்குளம். சூலக்கரையிலிருந்து தெற்கே போனால் கரிசலுக்கு நடுவில் இருக்கிற சின்ன ஊர். நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தது 2001-ல். என் பெயர் கற்பகவல்லி, பிறந்தது காரியாபட்டி. என் மாமனார் பெத்தணனுக்கு இங்கே இரண்டு பருத்திக்காடு. ஊருக்கு மேற்கே இருப்பதை மேக்காடு என்போம், ஓடைக்கரையை ஒட்டி இருப்பதை ஓடைக்காடு என்போம். ஓடைக்காட்டில்தான் கீரை நன்றாக முளைக்கும்.

கீரை என்றால் யாரும் விதைத்த கீரை இல்லை. புரட்டாசியில் இரண்டு மழை விழுந்தால் போதும், தொய்யக்கீரையும் குமிட்டியும் சாரணையும் பருத்தி வரிசைக்கு நடுவே தானாக முளைத்துவிடும். பண்ணைக்கீரை கொஞ்சம் தள்ளி வரும். அது பூ வைத்துவிட்டால் இலை முற்றி நார் தட்டும். அதற்கு முன்னால் கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். ஐப்பசியில் அதலைக்கொடி படரும். விரல் கனத்தில், விரலில் பாதி நீளத்தில் வரிவரியாகக் காய் தொங்கும். பாகற்காயைவிடக் கசப்பு. ஆனால் தலையையும் வாலையும் கிள்ளி எறிந்துவிட்டு, முழுக்காயாகவே நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு சுருள வதக்கி, இறக்கும்போது ஒரு துண்டு கருப்பட்டி போட்டால் சோறு இன்னும் ரெண்டு கை கூடுதலாக இறங்கும். பறித்த அன்றே சமைத்துவிட வேண்டும். வைத்தால் மறுநாள் மஞ்சளாகி வெடித்துக்கொள்ளும்.

நிலக்காரர்களுக்கு இதெல்லாம் களை. ராக்காயி வந்து பறித்துக்கொண்டு போனால் களை எடுத்த மாதிரி ஆயிற்று என்று யாரும் தடுப்பதில்லை. ஆனால் அவள் வேரோடு பிடுங்க மாட்டாள். கட்டைவிரல் நகத்தால் நுனியைக் கிள்ளுவாள். ஒரு செடியில் கிள்ளியதும் அதை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்துவிட்டுத்தான் மடியில் போடுவாள். எதற்கு இந்த முகர்தல் என்று ஒருமுறை கேட்டேன்.

“மருந்து வாடை இருக்கான்னுதான் தாயி. காட்டுக்காரக அடிச்சா டீக்கடையில சொல்லி வைப்பாக. ஆட்டுக்காரகளுக்குத் தெரியணும்ல. நானும் கேட்டுட்டுத்தான் எறங்குவேன். இருந்தாலும் மூக்குன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?”

அவள் எவ்வளவு பார்த்துப் பார்த்துக் கொடுப்பவள் என்பதை நானே அனுபவித்திருக்கிறேன். 2002-ல் நான் முதல் பிள்ளையை உண்டாகியிருந்தபோது வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. ராக்காயி பின்வாசலில் கூடையை இறக்கியதும் சாரணைக்கீரையை அள்ளினேன். அவள் என் கையைப் பிடித்துத் திரும்பக் கூடையில் உதறிவிட்டாள். கோபம் வந்துவிட்டது எனக்கு.

“ஏன்க்கா, எனக்குக் கொடுக்கக்கூடாதா?”

“முழுகாம இருக்கவுகளுக்குச் சாரணை ஆகாது தாயி. நாளைக்குப் பண்ணைக்கீரை கொழுந்தாப் பாத்துக் கொண்டாறேன். ஒரு கை துவரம்பருப்புப் போட்டு, சீரகமும் சின்ன வெங்காயமும் வச்சுக் கடைஞ்சு சாப்பிடுங்க. கொமட்டாது.”

சொன்னபடி கொண்டுவந்தாள். கொமட்டவில்லை. அந்தப் பிள்ளை பிறக்கிறவரை என் வீட்டுக்கு வருகிற கூடையில் சாரணை இருக்காது. நான் தெரியாமல் எடுத்துவிடுவேன் என்று முதலிலேயே வேறு வீட்டில் கொடுத்துவிட்டு வருவாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வேன் வந்து நிற்கும் இடத்தில் சாக்கை விரித்து உட்காருவாள். கையெல்லாம் வெள்ளி மருந்து மினுங்க இறங்குகிற பெண்களுக்குச் சமைக்கவே நேரம் இருக்காது, பறிக்க எங்கே நேரம்? ஆளுக்கு ஒரு கூறு வாங்கிப் போவார்கள். காசு இல்லாதவர்கள் ஒரு கை அரிசி கொடுப்பார்கள், ஒன்றும் இல்லாதவர்கள் சும்மா வாங்கிக்கொண்டு போவார்கள். மூட்டு வலிக்காரிக்கு முடக்கத்தான், பசிக்காதவளுக்குப் பிரண்டை, நாள்பட்ட சளிக்குத் தூதுவளை என்று அவளே பிரித்து வைத்திருப்பாள். பிரண்டையை, நாக்கை அரிக்காமல் இருக்க, நார் உரித்து, எண்ணெயில் வதக்கி, புளி கூட வைத்து அரைக்கச் சொல்லி அனுப்புவாள்.

பொன்னுத்தங்கத்துக்குக் கூறு கிடையாது. அவளுக்குத் தனிக் கட்டு. ஆய்ந்து, தண்டு நீக்கி, அப்படியே சட்டியில் போடுகிற மாதிரி வைத்திருப்பாள். பொன்னுத்தங்கத்துக்கு நெஞ்சில் எப்போதும் ஒரு இரைப்பு. மருந்துத் தூசி என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆள் வற்றிப்போய்விட்டாள். “சோத்தப் பாத்தாலே வெறுப்பா இருக்கு புள்ள, ஒன் கீரைக்குத்தான் ரெண்டு வாய் எறங்குது” என்பாள். ஆறு வருஷம் ஒருநாள் தப்பாமல் அந்தக் கட்டுப் போய்க்கொண்டிருந்தது. தன் உயிர் அவள் கையால் கிடைத்தது என்று ராக்காயி யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. அந்தக் கட்டைப் பார்த்தாலே தெரியும்.

2005-ல் மழை நல்ல மழை. தீபாவளி முடிந்து கம்பெனிகளை மூடினார்கள். மார்கழி பிறந்தும் எல்லாருக்கும் வேலை வரவில்லை. ஆள் விட்டு ஆள் கூப்பிட்டார்கள். பொன்னுத்தங்கத்தைக் கூப்பிடவில்லை. அதே கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்திருந்த வேல்விழியை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். அப்போது வேல்விழிக்கு இருபது வயது.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. பருத்தியில் பூச்சி விழுந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலமே என் மாமனார் டீக்கடையில், “காலையில மேக்காட்டுல மருந்தடிக்கப் போறேன், ஆடு மாடு பாத்துக்கோங்கப்பா” என்று சொல்லிவிட்டு வந்தார். விடிந்ததும் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு போனார். பத்து மணி வாக்கில் வீட்டுக்கு வந்து, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர் என்னிடம் சொன்னார்: “மேக்காடு தேவலாம்மா. ஓடைக்காட்டுலதான் பூச்சி சாஸ்தியா இருக்கு. ரெண்டு மருந்தையும் கலந்து அங்கனயே அடிச்சுட்டேன்.”

நான் ம் என்றேன். ரசத்தை ஊற்றினேன்.

மத்தியானம் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வரும்போது ஓடைப் பாதையில் ராக்காயி எதிரே வந்தாள். மடி நிறைய கீரை, தோளில் ஒரு சின்னச் சாக்குப்பை. மூக்கு சிவந்து, கண் கலங்கிப்போய் இருந்தாள். மூன்று நாளாகக் காய்ச்சலும் சளியும்.

“ஒடம்புக்கு ஆகாம ஏன்க்கா வெளிய வந்தீங்க?”

“பொன்னுத்தங்கத்துக்கு ரெண்டு நாளாக் கீரை கொடுக்கல தாயி. வேலைக்கும் கூப்பிடாம வீட்ல மொடங்கிக் கெடக்கா. இதக் கொடுத்துட்டுப் போயிப் படுத்துருவேன்” என்று சொல்லி மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

எந்தக் காட்டுக் கீரை என்று நான் கேட்கவில்லை. அவள் ஓடைப் பாதையில்தான் வருகிறாள், என் மாமனார் சொன்னது என் காதில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அரிசிப்பை கனத்தது, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பொன்னுத்தங்கம் அன்று சாயங்காலம் நாலு மணிக்கே உலை வைத்து, கீரையைக் கடைந்து, மகளுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு ஆசையாகச் சாப்பிட்டிருக்கிறாள். வேன் இறங்கி வேல்விழி வீட்டுக்குப் போனபோது தாய் தரையில் கிடந்தாள். வாயில் நுரை, உடம்பு முழுக்கக் குளித்த மாதிரி வேர்வை, கை கால் வெட்டிவெட்டி இழுக்கிறது. வேல்விழி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. காய்ச்சலோடு படுத்திருந்த ராக்காயியும் ஓடிவந்தாள். ஆட்டோவில் தூக்கிப் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பொன்னுத்தங்கத்தின் தலை ராக்காயி மடியில் இருந்தது.

கண் இமையை விலக்கிப் பார்த்ததுமே டாக்டர், “பூச்சி மருந்து குடிச்சிருக்காங்க. எந்த மருந்துன்னு தெரியணும், டப்பாவை எடுத்துட்டு வாங்க” என்றார்.

“எங்க வீட்ல ஏதுய்யா டப்பா? நெலமா நீச்சா?” என்று வேல்விழி அழுதாள். இருந்தாலும் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் வீட்டைப் புரட்டித் தேடினாள். அடுப்படி, கூரைச் செருகல், கொல்லை, குப்பைக்குழி எங்கும் ஒன்றும் இல்லை. எடுத்து வைத்திருந்த கீரையை அவள் தொடவே இல்லை. தொட்டிருந்தால் அவளும் போயிருப்பாள்.

மறுநாள் பொன்னுத்தங்கத்துக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. தொண்டையில் குழாய். வேல்விழி குனிந்து, “மருந்து குடிச்சியாம்மா? ஏம்மா குடிச்ச?” என்று கேட்டாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள் பொன்னுத்தங்கம். கண்ணில் தண்ணீர் வழிந்தது. மறுபடியும் ஆட்டினாள். கூட நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குடித்தவர்கள் யார்தான் ஒத்துக்கொள்வார்கள் என்று வெளியே வந்து பேசிக்கொண்டார்கள்.

அதற்குள் ஊரில் கதை கட்டியாகிவிட்டது. வேல்விழி சிவகாசியில் பிரஸ்ஸில் வேலை பார்க்கிற ஒருத்தனோடு பேசுகிறாளாம், அது தாய்க்குத் தெரிந்துபோயிற்றாம், மானம் தாங்காமல் மருந்தைக் குடித்துவிட்டாளாம். தண்ணீர்க் குழாயடியில் நானே கேட்டேன். ஒருத்தி, “பெத்தவளைக் கொன்னுட்டு அந்தக் குமரி எப்படித்தான் முழிப்பாளோ” என்றாள். பொன்னுத்தங்கம் அப்போது உயிரோடுதான் இருந்தாள்.

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது எனக்குள் அது சேர்ந்துகொண்டது. ஓடைக்காடு, மருந்து, ராக்காயியின் மடி, கீரை. வீட்டுக்கு வந்து, துவைக்கப் போட்டிருந்த மாமனாரின் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பிறகு அதை வாளியில் முக்கி, நுரை பொங்கப் பொங்கத் துவைத்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. போலீஸ் வரும், கேஸ் ஆகும், குடும்பத்துக்கு அசிங்கம். இதெல்லாம் அப்போது எனக்குப் பெரிய காரணமாகத் தெரிந்தது. ஒருநாள் இல்லை, ஒன்றரை நாள் வாயை மூடிக்கொண்டு சோறு ஆக்கினேன், பிள்ளைக்கு ஊட்டினேன். இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

வெள்ளிக்கிழமை காலையில் பொன்னுத்தங்கம் செத்துப்போனாள்.

உடம்பை அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்றார்கள். மூன்று நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்த ராக்காயி, பொன்னுத்தங்கத்துக்குப் போர்த்த ஒரு நல்ல சேலை எடுத்து வருகிறேன் என்று பஸ் ஏறி வந்தாள். அவளுக்குச் சளி விட்டு மூக்கு திறந்திருந்தது. வீட்டுக் கதவைத் திறந்ததும், ஆணியில் செவ்வாய்க்கிழமை மாட்டிய சாக்குப்பை அப்படியே தொங்கியது. அதில் அதலைக்காய் இருந்தது. காய்ச்சலில் அவள் அதை மறந்தே போயிருந்தாள். பையை இறக்கி வாயைத் திறந்தாள்.

அந்த வாடையை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

எவ்வளவு நேரம் அங்கே நின்றாள் என்று தெரியாது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் அந்தப் பை. என் மாமனார் முற்றத்தில் உட்கார்ந்து பருத்தி விதைச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“அய்யா, செவ்வாக்கெழம ஓடைக்காட்டுல மருந்தடிச்சீகளா?”

அவர் தலையைத் தூக்கவில்லை. “மேக்காட்டுல அடிக்கிறேன்னு டீக்கடையில சொல்லிட்டுத்தானே போனேன்?”

“ஆமாய்யா. சொன்னீக. காலையில நானும் கேட்டேன், மேக்காடுன்னுதான் சொன்னாக. அத நம்பித்தான் ஓடைக்காட்டுக்குப் போனேன். ஓடைக்காட்டுல அடிச்சீகளான்னு கேக்குறேன்.”

“இல்ல.”

“அடிக்கலையா?”

“இல்லங்கிறேன்ல. போ, போ. செத்த வீட்டு வேலையப் போயிப் பாரு.”

நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ராக்காயி முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பையைக் கவிழ்த்தாள். அதலைக்காய்கள் மஞ்சளடித்து, வெடித்து, விதை வெளியே தெரிய உருண்டன. அழவில்லை. சத்தம் போடவில்லை. கூலி கேட்கிற குரலில்தான் பேசினாள்.

“இது ஓடைக்காட்டுல அன்னைக்குப் பறிச்ச காயி. அவளுக்குக் கொடுத்த கீரையும் இந்தக் கொடிக்குப் பக்கத்துல கிள்ளுனதுதான். இதுல வாடை அடிக்குதுய்யா. என் மூக்குதான் பொய் சொல்லுதோ என்னமோ. நீங்க அடிக்கலைன்னா இதுல ஒண்ணும் இருக்காது. நான் தின்னு பாக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா அவ தானாத்தான் குடிச்சான்னு நெனச்சு நான் ஆறிக்கிருவேன். ஆச்சுன்னா வேல்விழி மேல பழி இல்லைன்னு ஆகிப்போகும்.”

ஐந்தாறு காய்களை அள்ளினாள். அவள் மிரட்டவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எது உண்மை என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் அதில் இருந்தது. கை வாய்க்குப் போய்விட்டது.

“ஏ வேணாம்!” என்று கத்தினார் என் மாமனார். ஊசியும் சாக்கும் எங்கேயோ விழுந்தன. பாய்ந்துபோய் அவள் மணிக்கட்டைத் தட்டிவிட்டார். “போடு கீழ! போடுங்கிறேன்! ரெண்டு மருந்தக் கலந்து அடிச்சிருக்கேன்டி, செத்துப்போவ!”

காய்கள் முற்றம் முழுக்கச் சிதறின. நான் ஓடிப்போய் ராக்காயியின் கையைப் பிடித்து வாளித் தண்ணீரில் முக்கினேன். என் மாமனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் நாலு பேருக்கு முன்னால் நிமிர்ந்து நடப்பவர். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, “சொல்லிருக்கணும். காடு மாறுச்சு, திரும்பப் போயி ஒரு வார்த்த சொல்லிருக்கணும்” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ராக்காயி எழுந்து நின்றாள்.

“அய்யா, கூட வாங்க. ஒடம்பக் கொடுக்க முந்தி டேஷன்ல சொல்லணும். கொடுத்தது நான். அத நான் சொல்லிக்கிறேன். மருந்தடிச்சத மட்டும் நீங்க சொல்லுங்க.”

“என்னைய உள்ள வச்சிருவாகளே ராக்காயி.”

“என்னையவும்தான் வைப்பாக.”

அவர் எழுந்திருக்கவில்லை. நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். “மாமா, அன்னைக்கு நீங்க ஓடைக்காட்டுல அடிச்சேன்னு எங்கிட்டச் சொன்னீங்க. இவுக அந்தப் பாதையில வந்ததையும் நான் பார்த்தேன். நீங்க போகலைன்னா நான் போறேன்.” ராக்காயி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இவளுக்கும் தெரிந்திருக்கிறது என்கிற பார்வை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் போனார்.

ஸ்டேஷனில் இருவரும் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். சிதறிக் கிடந்த காய்களையும், பொன்னுத்தங்கம் வீட்டில் காய்ந்துபோயிருந்த கீரைச்சட்டியையும் ஒரு போலீஸ்காரர் வந்து பையில் கட்டி எடுத்துப் போனார். மாமனார் பிறகு பலமுறை கோர்ட்டுக்கு நடந்தார். ராக்காயியையும் இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். தற்கொலை இல்லை, தெரியாமல் நடந்தது என்று கடைசியில் காகிதத்தில் எழுதி வந்தது. அது வர மாசக்கணக்கானது.

ஆனால் ஊருக்கு அவள் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள். உடம்பைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். கூட்டம் நின்றது. வேல்விழி தாயின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ராக்காயி கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

“பொன்னுத்தங்கம் மருந்து குடிக்கல. மருந்தடிச்ச காட்டுல நான் கீரை பறிச்சுக் கொடுத்தேன். எனக்குத் தெரியல. சளியில வாடை பிடிபடல. அதத் தின்னுதான் செத்தா. இந்தப் பிள்ளையப் பத்தி இனிமே யாரும் ஒண்ணும் பேசாதீக. பேசுறதுன்னா என்னையப் பேசுங்க.”

பிறகு பெண்கள் ஒவ்வொருவராக வந்து வேல்விழியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். குழாயடியில் பேசியவளும் வந்தாள். வேல்விழி அந்தக் கைகளுக்கு நடுவிலிருந்து தலையை மட்டும் தூக்கி ராக்காயியைப் பார்த்தாள்.

“எங்கம்மா பேரக் காப்பாத்திட்ட சின்னம்மா. ஆனா ஒன் மூஞ்சிய என்னால பாக்க முடியல. போயிரு.”

ராக்காயி போய்விட்டாள். கொண்டுவந்த சேலையை என்னிடம் கொடுத்து, போர்த்தச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் போல அவள் கீரை விற்கவில்லை. விற்றாலும் வாங்க ஆள் இல்லை. கரட்டோரம் கிடக்கிற பிரண்டையைக்கூட அவள் கையால் வாங்கப் பயந்தார்கள். களையெடுக்கப் போனாள், மிளகாய்ப் பழம் பறிக்கப் போனாள். ஆளைப் பார்த்தால் பத்து வயது கூடிப்போன மாதிரி இருந்தது. மறுபடி கம்பெனிக்கே வாயேன் என்று யாரோ கூப்பிட்டதற்கு, கையை மட்டும் ஆட்டினாளாம்.

மறுவருஷம் ஆவணியில், விதைப்பு தொடங்குமுன், அவள் நிலக்காரர் வீடு வீடாகப் போனாள். “மருந்தடிச்சா டீக்கடையில சொல்றதோட விட்ராதீக. அடிச்ச காட்டு மொகப்புல ஒரு கம்பு நட்டு செவப்புத் துணி கட்டுங்க. பத்து நாளைக்கு அவுக்காதீக. எனக்காகக் கேக்கல, நான் இனிமே பருத்திக்காட்டுல எறங்கவே மாட்டேன். ஆடு மேய்க்கிறவுக இருக்காக, வேலை இல்லாத நாளையில கீரைக்கு வர்ற பொம்பளைக இருக்காக.” சிலர் சிரித்தார்கள். கீரைக்காரிக்குப் பயந்து கொடி கட்டணுமா என்று ஒருத்தர் கேட்டார். என் மாமனார் வீட்டிலிருந்த பழைய சிவப்புத் துண்டை நாலாகக் கிழித்து எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கார்த்திகையில் ஓடைக்காட்டில் கருவேலங்கம்பு நட்டு முதல் துணி ஆடியது. இரண்டு வருஷத்தில் பக்கத்து ஊர்க் காடுகளிலும் பார்த்தேன். யார் சொல்லி ஆரம்பித்தது என்று இப்போது கட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

2007 மழைக்கு ராக்காயி மறுபடி சாக்கை விரித்தாள். குளத்துக் கரை, ஓடைப் புறம்போக்கு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடக்கிற தரிசு, இவ்வளவுதான் அவள் போகிற இடம். விடிகாலையில் பறித்து வந்து, அதில் ஒரு கை எடுத்துத் தனக்கு வேகவைத்து, காலைச் சோற்றுக்கு அதையே தின்பாள். அன்று முழுக்கத் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பாள். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தபிறகு சாயங்காலம் மீதியைக் கொண்டுவருவாள். நான் அறிந்து இதை அவள் ஒருநாள்கூட விட்டதில்லை. “எதுக்குக்கா இந்தத் தண்டனை?” என்று கேட்டேன். “தண்டனை என்ன தாயி, பசிக்கத்தானே செய்யுது” என்றாள். முதல் வாரம் என்னைத் தவிர யாரும் வாங்கவில்லை. பிறகு ஒருத்தி வாங்கினாள், பிறகு நாலு பேர்.

வேல்விழி அதே வேனில்தான் வந்து இறங்குவாள். பிரஸ்காரப் பையன் என்று ஒருத்தன் இருந்தானோ இல்லையோ, அவளுக்கு அதுவரை கல்யாணம் ஆகவில்லை. தினமும் ராக்காயியின் சாக்கைத் தாண்டி, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்து போய்விடுவாள். ராக்காயியும் அந்த நேரத்துக்குத் தலையைக் குனிந்துகொள்வாள். அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று.

2008 ஐப்பசியில் ஒரு சாயங்காலம். வானம் கறுத்து, தூற்றல் பெரிதாக விழ ஆரம்பித்தது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். ராக்காயி மட்டும் இன்னும் இரண்டு கூறு இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தாள். கடைசியாக இறங்கிய வேல்விழி அவளைத் தாண்டிப் போய், நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“சின்னம்மா, மழை வருது. எந்திரிச்சுப் போங்க. சளி பிடிச்சுக்கிரும்” என்றாள்.

அவ்வளவுதான். கீரை வாங்கவில்லை. அவள் இன்றுவரை கீரை சாப்பிடுவதில்லை. வேகமாக நடந்து தெருவுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் ராக்காயி என் பின்வாசலுக்கு வந்தாள். கையில் கூடை இல்லை. எதற்கு வந்தாள் என்று கேட்பதற்குள் அவளே சொன்னாள், “பேசிட்டா தாயி.” படியில் உட்கார்ந்து முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உள்ளே இருந்த என் மாமனார் எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, ராத்திரி மழைக்கு ஓடைக்காட்டுச் சிவப்புத் துணி அவிழ்ந்திருக்குமோ என்று பார்க்கக் காட்டுக்குப் போனார்.